பிடித்துக்கொண்ட என்ஜினை விடுவிப்பது எப்படி?

"என்ஜின் சீஸ் ஆயிடுச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. வகை தெரியாமல் கை வைத்தால் உள்ளதும் போய்விடும்.

முதல் வகை, ஓடும்போது பிடிப்பது. பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. பிஸ்டன் அலுமினியக் கலவை, பேரல் வார்ப்பிரும்பு. வெப்பம் 100 டிகிரி கூடினால், 70 மி.மீ. விட்டத்தில் அலுமினியம் சுமார் 0.15 மி.மீ. விரியும். வார்ப்பிரும்போ 0.08 மி.மீ. தான். ஆயில் குறைந்து சூடு ஏறினால் இடைவெளி அடைபட்டு, பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும்.

இரண்டாம் வகை, நின்றே பிடிப்பது. திறந்திருக்கும் வால்வு வழியாக ஈரம் இறங்கி, ரிங்குக்கும் பேரலுக்கும் இடையே துரு ஏறிவிடும்.

எங்கள் வீட்டுக்கு வந்த வண்டி இந்த இரண்டாம் வகை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் அப்பா மூட்டை தூக்குகிறார். கூலி பாக்கிக்கு ஈடாக, ஆறு வருஷம் தகரக் கொட்டகையில் நின்ற புல்லட் ஒன்று அவர் கைக்கு வந்தது. கிக்கர் இறங்கவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுட்டு வந்த காசை வாங்கிக்கலாம்ப்பா" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். ஒரு வாரம் தவணை கேட்டேன்.

செய்முறை இதுதான்:

1. நியூட்ரலில் பின்சக்கரம் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால் கோளாறு பெரும்பாலும் என்ஜினில்தான். கிக்கரை ஏறி மிதிக்காதீர்கள், பல் உடையும்.

2. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சைக்கிள் ஸ்போக் ஒன்றை மெதுவாக விட்டு பிஸ்டன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

3. டீசலும் என்ஜின் ஆயிலும் சம அளவு கலந்து பிளக் துளை வழியாக ஊற்றி ஊற விடுங்கள். குறைந்தது மூன்று நாள். தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

4. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரே பக்கமாக முறுக்கக் கூடாது.

5. அசையவில்லையா? ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனுக்கு மேலே தெரியும் துருவை நைஸ் எமரி தாளால் தேய்த்து எடுங்கள். பிறகு பிஸ்டன் தலைமேல் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டலாம். ஆனால் பிஸ்டன் உச்சியில் நின்றால் தட்டவே கூடாது. அப்போது கனெக்டிங் ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அடி முழுதும் பேரிங்கில் இறங்கும், கிராங்க் சுற்றாது. நாம் மெக்கானிக்ஸ் வகுப்பில் போடும் அதே படம்தான் இது.

எங்கள் வண்டியில் பிஸ்டன் பாதி வழியில் நின்றது. நான்காம் நாள் சக்கரம் ஒரு நூல் அசைந்தது. சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று வந்தது. "அட, சுத்துதுடா!" என்று அப்பா கையைத் துடைத்துக்கொண்டு தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

சுற்றிவிட்டது என்று உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. வால்வு சிக்கியிருந்தால் புஷ் ராட் வளையும். எனவே கையால் சுற்றி இரண்டு ராக்கரும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். கீழே இறங்கிய டீசல் ஆயிலை நீர்க்க வைத்திருக்கும். அத்தனையும் வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். பேரலைக் கழற்றி விரலால் தடவுங்கள். துரு தின்ற குழி தட்டுப்பட்டால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதே சரி. எங்களுக்கும் அந்தச் செலவு வந்தது. இரண்டு மாதக் கூலியில் சேர்த்துச் செய்தோம். புதுப் பிஸ்டன் போட்டபின் முதல் 500 கி.மீ. நிதானமாக ஓட்ட வேண்டும்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் வேப்பமரத்தடியில் ஒரு வண்டி நிற்கும். அதை எடைக்குப் போடும் முன் பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் ஆயில் விட்டு, நாலு நாள் பொறுத்துப் பாருங்கள். சம்மட்டியால் வராதது பொறுமைக்கு வரும்.