கூடாரத்தில் தொடங்கிய ஹீத்ரோ

கேள்வி: லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் முதலில் போர் விமானங்களுக்காகக் கட்டப்பட்டது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அரசாங்கக் காகிதத்தில் உண்மை. உள்நோக்கம் வேறு.

ஹீத்ரோ என்பது லண்டனுக்கு மேற்கே இருந்த ஒரு குக்கிராமம். தலைநகரின் சந்தைகளுக்குக் காய்கறியும் பழமும் அனுப்பிய வளமான பூமி. விமானத் தயாரிப்பாளர் ரிச்சர்ட் ஃபேரி, தன் விமானங்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக 1929-ல் அங்கே நிலம் வாங்கினார். அந்நாளில் லண்டனின் பிரதான விமான நிலையம் குராய்டன்.

1944-ல் போர்க்கால அதிகாரத்தைக் காட்டி, ஃபேரியின் நிலத்தையும் சுற்றியிருந்த தோட்டங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. ஜப்பான் மீதான போருக்கு நெடுந்தூர விமானங்கள் வந்துபோக இடம் வேண்டும் என்றார்கள். அப்போது விமானத் துறைத் துணை அமைச்சராக இருந்த ஹெரால்டு பால்ஃபர், 1973-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் குட்டை உடைத்தார்: பயணிகள் விமான நிலையம்தான் ஆரம்பத்திலிருந்தே குறி. பொது விசாரணை, ஆட்சேபணை என்று இழுத்தடிக்காமல் நிலம் கிடைக்கப் போர் ஒரு சாக்கு. வேலை முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது.

1946 ஜனவரி 1 அன்று நிலையம் சிவில் விமானத் துறையின் கைக்கு வந்தது. குண்டுவீச்சு விமானத்தைப் பயணத்துக்கு ஏற்றபடி மாற்றிய ‘லங்காஸ்ட்ரியன்’ ஒன்று அன்றே அர்ஜென்டினாவுக்குக் கிளம்பியது. முனையக் கட்டடம்? கிடையாது. ராணுவக் கூடாரங்கள்தான். உள்ளே மெத்தை நாற்காலிகள், மேசைமேல் பூக்கள், ஒரு புத்தகக் கடை. குளிர்காலத்தில் கணப்பு இல்லை. மழை பெய்தால், சேற்றின்மேல் போட்ட பலகையில் நடந்துபோய் விமானம் ஏற வேண்டும். முதல் வருடம் வந்துபோனவர்கள் சுமார் 63,000 பேர். நிரந்தர முனையம் 1955-ல்தான் திறக்கப்பட்டது.

கேள்வி: அவ்வளவு பெரிய நிலையத்துக்கு ஓடுபாதை இரண்டே இரண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரு காலத்தில் ஆறு இருந்தன. இரண்டு முக்கோணங்கள் பின்னிய அமைப்பு. வானிலிருந்து பார்த்தால் முருகன் யந்திரத்தின் அறுகோணம் போலிருக்கும். அக்காலத்து விமானங்களுக்குக் குறுக்குக் காற்று ஆகாது. எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அதை எதிர்கொண்டு இறங்கவே இந்த ஏற்பாடு. பின்னால் வந்த ஜெட் விமானங்கள் குறுக்குக் காற்றைச் சமாளித்தன. ஆனால் அவற்றுக்கு நீளமான பாதை தேவைப்பட்டது. குட்டையான பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முனையங்களோ நடுவில் மாட்டிக்கொண்டதால், ஓடுபாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டித்தான் பயணிகளை உள்ளே கொண்டுபோனார்கள்.

மிஞ்சிய அந்த இரண்டு பாதைகளை வைத்தே 2024-ல் சுமார் 8.39 கோடிப் பயணிகளைக் கையாண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 4,80,000 விமானங்கள் என்பது உச்சவரம்பு. அதை ஏறக்குறைய தொட்டாயிற்று. மூன்றாவது ஓடுபாதைக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2018-ல் ஒப்புதல் தந்தும், விவகாரம் நீதிமன்றம்வரை போனது. இப்போது போர்க்கால அதிகாரம் இல்லை. அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணைகளுக்கெல்லாம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.