படை வாகனமும் இருபத்துநான்கு உவோற்றும்

கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர் பிரெடெரிக் கோட்டையினூடாகவே செல்வர். ஆங்கே படை வாகனங்களைக் காணாத மாணவர் நம்முள் இலர். நம் வீட்டு மோட்டார் வண்டியின் மின்னழுத்தம் 12 உவோற்று. உலகிற் பல நாட்டுப் படைகள் தம் வாகனங்களுக்கு 24 உவோற்றையே பொது அளவாகக் கொண்டுள்ளன. இவ்வேறுபாடு ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்க வருவது மின்வலு. எந்திரத்தை முடுக்கும் தொடக்கி மோட்டருக்கு 2,400 உவாற்று வேண்டுமெனக் கொள்வோம். 12 உவோற்றில் 200 அம்பியர் ஓடவேண்டும். 24 உவோற்றில் 100 அம்பியர் போதும். வடத்தின் தடை 0.005 ஓம் ஆயின், வெப்பமாய் வீணாகும் வலு முன்னதில் 200 உவாற்று. பின்னதில் 50 உவாற்றே. ஓட்டம் பாதியாக, இழப்போ காற்பங்காகின்றது. ஆதலால் மெல்லிய வடமும் பயன்படும். உப்புக்காற்றால் இணைப்பு முனைகள் அரிக்கப்பட்டுத் தடை மிகும் நம் துறைமுகத்தில் இந்நன்மையின் அருமை நன்கு விளங்கும்.

இனி, அளவு ஒன்றாயிருத்தலின் பயனை நோக்குவாம். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானியர் திருகோணமலைமீது குண்டு வீசினர். அப்போர்க்காலத்தில் அமெரிக்க ஜீப் 6 உவோற்றிலும், முன்னே சில்லும் பின்னே சங்கிலியுங் கொண்ட கவச வண்டி 12 உவோற்றிலும், சேர்மன் தாங்கி 24 உவோற்றிலும் இயங்கின. ஒன்றன் மின்குமிழ் மற்றொன்றுக்கு உதவாது. வானொலிக் கருவிக்கும் வெவ்வேறு மின்வழங்கிகள் வேண்டியிருந்தன. போரின் பின் 24 உவோற்றே பொது அளவாயிற்று. 1950இல் உற்பத்தி தொடங்கிய எம்-38 ஜீப் அதனையே கொண்டது. மின்கலவடுக்கு ஓய்ந்த வண்டியை அயல்வண்டியிலிருந்து ஒரு வடத்தால் முடுக்கிவிடலாம். எதிரியின் முன்னே வண்டி அசையாது நிற்பதும் வானொலி ஊமையாவதும் உயிருக்கே இறுதியாகலாம் அன்றோ?

அங்ஙனமாயின் 100 உவோற்று ஆகாதோ எனின், அழுத்தம் மிகின் தொட்டவரைத் தாக்கும். ஆளிகளிலே தீப்பொறி நீளும். 24 உவோற்றோ அத்துணை அபாயமற்றது. இரு 12 உவோற்று மின்கலவடுக்குகளைத் தொடராக இணைத்து எளிதிற் பெறத்தக்கது.

பாரமான லொறிகளும் பஸ்களும் இக்காரணம் பற்றியே பெரும்பாலும் 24 உவோற்றைக் கொண்டுள்ளன. ஆகவே அன்பர்காள், வழியில் உங்கள் மோட்டார் வண்டி நின்றுவிடின், லொறியின் 24 உவோற்றை அதனோடு இணைத்துவிடாதீர். கருவிகள் கருகும், மின்கலவடுக்கு வெடித்து அமிலஞ் சிதறவுங் கூடும். உதவி பெறுமுன் இரண்டின் அளவும் ஒன்றாவென நோக்குக.