டூர் பஸ் ராத்திரி, நாம வந்தது விடிகாலை: நடுவுல என்ன பண்றது?



அறுபடை வீடு டூர் புக் பண்ணினதும் நம்ம குரூப்ல வர்ற முதல் கேள்வி இதுதான்: "ப்ரோ, சென்னைக்குக் காலையிலேயே வந்துடுவோம், டூர் பஸ் ராத்திரிதான். அதுவரைக்கும் எந்தெந்தக் கோவில் பார்க்கலாம்?" எங்க மத்தூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்களுக்கு இது தவிர்க்கவே முடியாத கேள்வி. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. ராத்திரி பஸ் ஏறினா விடியறதுக்குள்ள கோயம்பேடு வந்துடும்.

கேட்ட அடுத்த நிமிஷம் லிஸ்ட் கொட்டும். வடபழனி, கந்தகோட்டம், குன்றத்தூர், சிறுவாபுரி, திருப்போரூர், வல்லக்கோட்டை. எல்லாமே அருமையான தலங்கள்தான். ஆனா மேப்ல போட்டுப் பாருங்க. சிறுவாபுரி வடக்கே, திருப்போரூர் தெற்கே, வல்லக்கோட்டை ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அதோட பெரும்பாலான கோவில்ல மதியம் நடை சாத்தினா சாயங்காலம்தான் திறப்பாங்க. பன்னிரண்டு மணி நேரம் கையில இருக்குன்னு நினைக்கிறோம். தரிசனத்துக்கு உண்மையில கிடைக்கிறது காலையில நாலு மணி நேரம், அவ்வளவுதான்.

போன தடவை நான் அம்மாவோட போனேன். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். அப்பா ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா பழனிமலையைப் படி வழியா ஏறுறேன்னு வேண்டிக்கிட்டாங்க. வின்ச், ரோப் கார் ரெண்டும் வேண்டாம்னுட்டாங்க. பழனியில அறுநூறு படிக்கு மேல. அதுக்கு முன்னாடி சுவாமிமலையில 60 படி. திருத்தணியில 365 படி இருந்தாலும் மேல வரைக்கும் ரோடு இருக்கறதால அங்க கவலை இல்லை. ஆபீஸ்ல ஸ்பிரிண்ட் பிளான் போடுற மாதிரி யோசிச்சேன்: அம்மாவோட காலுக்கு ஒரு கொள்ளளவு இருக்கு, அதைச் சென்னையிலேயே தீர்த்துட்டா பழனிக்கு மிச்சம் இருக்காது. அதனால ஒரே ஒரு கோவில், வடபழனி. கோயம்பேடு பஸ் நிலையத்துல இருந்து மெட்ரோவுல ரெண்டாவது ஸ்டேஷன்.

வடபழனியை நான் தேர்ந்தெடுத்ததுக்குத் தூரம் மட்டும் காரணம் இல்லை. சுமார் 1890-ல அண்ணாசாமி நாயகர் என்ற அடியவர் ஒரு ஓலைக் கொட்டகையில பழனி ஆண்டவர் படத்தை வச்சுக் கும்பிட ஆரம்பிச்ச இடம் அது. அவருக்குப் பிறகு ரத்தினசாமி செட்டியார், பாக்கியலிங்கத் தம்பிரான்னு வழிவழியா வளர்ந்தது. பழனிக்குக் கிளம்புறவங்க அந்தப் படத்தோட கதையில இருந்து தொடங்குறது எவ்வளவு பொருத்தம் பாருங்க. மூலவர் பாதத்துல பாதரட்சை இருக்கும், கவனிச்சுப் பாருங்க. அம்மா பிரகாரத்துல ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. டூர்ல அது நடக்காது. அங்க கைடு கை தட்டினா எழுந்துடணும்.

(பழனியில என்னாச்சுன்னு கேப்பீங்க. நின்னு நின்னு ஏறினாங்க, கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். இறங்கும்போது வின்ச். "வேண்டுதல் ஏறுறதுக்கு மட்டும்தான்டா"ன்னாங்க.)

மதியம் நடை சாத்தின நேரம்தான் இந்தப் பதிவோட விஷயமே. அரை நாளைக்கு ஒரு ரூம் எடுத்தோம். குளிச்சு, சாப்பிட்டு, அம்மா படுத்துக்கிட்டே கேட்க நான் திருமுருகாற்றுப்படையை உரையோட வாசிச்சேன். நக்கீரர் பாடிய 317 அடி. பத்துப்பாட்டுல முதல் பாட்டு, பதினோராம் திருமுறையிலும் இருக்கு. ஆற்றுப்படைன்னா வழிப்படுத்துறது. மத்த ஆற்றுப்படைகள்ல பரிசு வாங்கினவன், இன்னும் வாங்காதவனை வள்ளல்கிட்ட அனுப்புவான். இதுல அருள் தேடுற ஒருத்தனை முருகன்கிட்ட அனுப்புறாங்க. அந்தக் காலத்து டூர் கைடு இதுதான்னு அம்மாகிட்ட சொன்னேன், சிரிச்சாங்க.

நக்கீரர் ஆறு இடத்துக்கும் சமமா நேரம் ஒதுக்கலை. திருப்பரங்குன்றத்துக்கு 77 அடி, திருச்செந்தூர் எனும் அலைவாய்க்கு 48, ஆவினன்குடிக்கு 51. நாம சுவாமிமலைன்னு கும்பிடுற திருவேரகத்துக்கு வெறும் 13. பழமுதிர்சோலைக்கு முழுசா 100. அலைவாய்ப் பகுதியில ஆறு முகமும் ஒவ்வொண்ணா என்ன செய்யுது, பன்னிரண்டு கையும் எங்கெங்க இருக்குன்னு வரும். அதைப் படிச்சுட்டுத் திருச்செந்தூர் போனா, கூட்டத்துல பத்து விநாடி தரிசனம் கிடைச்சாலும் எதைத் தேடிப் பார்க்கணும்னு கண்ணுக்குத் தெரியும். ஏரகத்துல ஈர ஆடையோட ஆறெழுத்தை ஓதுறவங்க வருவாங்க. குன்றுதோறாடல்ல மலை மக்கள் தேன் கள் குடிச்சு, பறை கொட்டிக் குரவை ஆடுவாங்க.

குன்றுதோறாடலை இன்னைக்குத் திருத்தணியாக் கொண்டாடுறோம். ஆனா பாட்டுல அது ஒரு ஊர்ப் பெயர் இல்லை, முருகன் விளையாடுற எல்லாக் குன்றும்தான். திரும்புன பக்கமெல்லாம் பாறைக் குன்றா இருக்கிற நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இதைவிட என்ன வேணும்? கிருஷ்ணகிரி காட்டிநாயனப்பள்ளி முருகனையும் நான் இப்போ அந்த வரிசையிலதான் வச்சிருக்கேன். பழமுதிர்சோலைப் பகுதியில முருகன் இருக்கிற இடங்களோட பட்டியல் ஒண்ணு வரும். காடு, சோலை, ஆறு, குளம், கூடவே நாற்சந்தியும் தெருக்கள் கூடுற இடமும். பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்ன அந்த ராத்திரி அம்மா இதைத்தான் ஞாபகப்படுத்தினாங்க. "இங்கயும் இருக்கான்ல?"

ஒரே நாள்ல 317 அடியும் வேண்டாம். திருவேரகத்தோட 13 அடியில ஆரம்பிங்க, அடுத்து அலைவாய். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல உரையோட இலவசமா இருக்கு. வீட்டுல இருக்கும்போதே டவுன்லோட் பண்ணிக்கோங்க, பவர் பேங்க் மறக்காதீங்க.

ஓம் சரவணபவ.