கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா?

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். இன்டர்நெட் பார்த்தால் பிரச்னை இல்லை. சினிமா பார்த்தாலும் பிரச்னை இல்லை. கேம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் திரை கருப்பாகி, எந்த எச்சரிக்கையும் இன்றி மீண்டும் பூட் ஆகிறது. இந்நிலையில் பலர் உடனே விண்டோஸை மறுபடியும் இன்ஸ்டால் செய்கின்றனர். அப்படியும் சரியாகவில்லை என்றால், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என முடிவு கட்டி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியது வாங்குகின்றனர். பழுது வேறு இடத்தில் இருந்தால் அந்தப் பணம் முழுவதும் வீண்தானே? எனவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து பார்ப்போம். கீழே தந்துள்ள வரிசையிலேயே செய்திடவும்.

1. எப்படி நிற்கிறது?

முதலில் நன்கு கவனியுங்கள். நீல நிறத் திரை தோன்றிப் பின் ரீஸ்டார்ட் ஆகிறதா? எதுவும் தோன்றாமல் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறதா? அல்லது முழுவதும் அணைந்துவிடுகிறதா? நீலத் திரை என்றால் டிரைவர், ராம் அல்லது ப்ராசசர் மீது சந்தேகம் கொள்ளலாம். சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் பவர் சப்ளை முதல் குற்றவாளி. முழுவதும் அணைந்து, பின்புற ஸ்விட்சை ஆப் செய்து ஆன் செய்த பின்னரே மீண்டும் இயங்கினால், பவர் சப்ளையின் பாதுகாப்பு சர்க்யூட் செயல்பட்டிருக்கிறது என்று பொருள்.

2. நீலத் திரையை நிறுத்திப் பிடியுங்கள்

நீலத் திரை கண்ணில் படும் முன்பே மறைந்துவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" எனத் தேடித் திறக்கவும். கிடைக்கும் விண்டோவில் அட்வான்ஸ்டு டேப்பில், "ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி" பிரிவில் உள்ள செட்டிங்ஸ் பட்டனைக் கிளிக் செய்திடவும். அங்கே "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுக்கவும். இனி நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும். அதில் உள்ள பிழைப் பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள்.

3. ஈவென்ட் வியூவர் சொல்லும் சாட்சி

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறக்கவும். விண்டோஸ் லாக்ஸ், அதனுள் சிஸ்டம் எனச் செல்லவும். "கெர்னல் பவர் 41" என்ற பதிவு இருக்கும். கம்ப்யூட்டர் முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே இது சொல்கிறது; காரணத்தைச் சொல்வதில்லை. டீடெய்ல்ஸ் டேப்பில் "பக்செக் கோட்" எண்ணைப் பாருங்கள். அது 0 என்றால், விண்டோஸ் எதையும் எழுதி வைக்க நேரம் கிடைக்கவில்லை, மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கலாம். வேறு எண் என்றால் நீலத் திரைப் பிழை. உதாரணமாக, 292 என்பது ஹார்ட்வேர் பிழையைக் குறிக்கும். "வீயா லாகர்" என்ற பெயரில் பதிவுகள் இருந்தாலும் ஹார்ட்வேரில்தான் கோளாறு.

4. வெப்பம்

ஹெச்.டபிள்யு.இன்போ போன்ற இலவச புரோகிராம் மூலம் வெப்பநிலையைப் பாருங்கள். இன்றைய ப்ராசசர்களில் பலவற்றின் எல்லை 95 முதல் 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் ப்ராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதையும் மீறினால், வழக்கமாக கம்ப்யூட்டர் அணையுமே தவிர, ரீஸ்டார்ட் ஆவது குறைவு. கூலர் ஆடுகிறதா, அதன் அடிப்பகுதியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை எடுத்தீர்களா, பேன் சுற்றுகிறதா எனப் பாருங்கள்.

5. ராம்

பயாஸ் சென்று எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ வசதியை நிறுத்தவும். ஓவர்கிளாக் செய்திருந்தால் அதையும் நீக்கவும். இதன் பின் ரீஸ்டார்ட் நின்றால், ராமின் வேகம்தான் பிரச்னை. நிற்கவில்லை எனில் மெம்டெஸ்ட்86 பிளஸ் புரோகிராமை இரவு முழுவதும் ஓடவிடவும். ஒரு பிழை காட்டினாலும், ராம்களை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்திடவும்.

6. பவர் சப்ளை

மின் அழுத்தங்கள் சரியாக உள்ளவரை, பவர் சப்ளை மதர்போர்டுக்கு "பவர் குட்" என்ற சிக்னலை அனுப்பிக் கொண்டே இருக்கும். இந்த சிக்னல் ஒரு கணம் விழுந்தாலும் மதர்போர்டு கம்ப்யூட்டரை ரீசெட் செய்துவிடும். கேம் ஆடும்போது மட்டும் இது ஏன் நடக்கிறது? கிராபிக்ஸ் கார்டு அப்போதுதான் முழு மின்சாரத்தையும் இழுக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2020இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டின் மின் தேவை 320 வாட்ஸ். ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசசர் 142 வாட்ஸ் வரை எடுக்கும். மற்ற பாகங்களுக்கு 60 வாட்ஸ் என வைத்தால், மொத்தம் 522. 650 வாட்ஸ் பவர் சப்ளை போதும் என்றே தோன்றும். ஆனால் இது சராசரிக் கணக்கு. இந்தக் கார்டு மில்லி செகண்ட் அளவில் இதைவிட மிக அதிகமாக இழுக்கும். அந்தக் கணத்தில் பாதுகாப்பு சர்க்யூட் விழித்துக் கொள்கிறது. என்விடியா இந்தக் கார்டுக்கு 750 வாட்ஸ் பரிந்துரைத்ததும் இதனை மனதில் கொண்டே பார்க்க வேண்டியது. 2022இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, இத்தகைய திடீர் இழுப்புகளைத் தாங்கும் திறனைப் பவர் சப்ளைக்குக் கட்டாயமாக்கியது.

இதைச் சோதிக்க எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் புரோகிராமில் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து கேம் ஆடிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றால், பவர் சப்ளை அல்லது அதன் கேபிள்கள் மீது சந்தேகம் உறுதியாகிறது. அடுத்து, ப்ராசசருக்கு மட்டும், கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும், பின் இரண்டுக்கும் சேர்த்து எனச் சுமை கொடுத்துப் பார்க்கலாம். தனித்தனியே தாங்கி, சேர்ந்தால் விழுந்தால் விடை கிடைத்துவிட்டது.

7. கேபிள், ஸ்விட்ச், யு.பி.எஸ்.

கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட்டுகள் இருந்தால், ஒரே கேபிளின் இரு முனைகளையும் மாட்டாமல், இரண்டு தனிக் கேபிள்களைப் பயன்படுத்தவும். பழைய பவர் சப்ளையின் மாடுலர் கேபிள்களைப் புதியதில் மாட்டவே கூடாது. பின் அமைப்பு மாறுபட்டால் பாகங்கள் எரிந்துவிடும். கேபினட்டின் ரீசெட் பட்டன் சிக்கியிருந்தாலும் இதே தொல்லை வரும். மதர்போர்டில் அதன் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சிறிய யு.பி.எஸ்.கள் கேமிங் கம்ப்யூட்டரின் சுமையைத் தாங்காது. சோதனைக்காக நேரடியாகச் சுவர் பிளக்கில் இணைக்கவும்.

8. இன்டெல் 13, 14ஆம் தலைமுறையா?

இந்த டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவற்றில், அளவுக்கு மீறிய வோல்டேஜ் காரணமாக நிலைகுலைவு ஏற்படுவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. திருத்தம் பயாஸ் அப்டேட்டாகக் கிடைக்கிறது. உடனே அப்டேட் செய்திடவும். ஏற்கனவே பாதிப்படைந்த ப்ராசசரை இது குணப்படுத்தாது. இவற்றுக்கான வாரண்டியை இன்டெல் 2 ஆண்டுகள் நீட்டித்துள்ளது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது சரி செய்தது என்று தெரியாமல் போகும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். பழுது அதில்தான் என்று உறுதியானால், தயங்காமல் மாற்றிவிடுங்கள்.