வலையமைப்பு வழி இயங்குதளம் நிறுவுதல்: பழுது காணும் முறை

நாற்பது கணிப்பொறிகள் உள்ள ஒரு கூடத்தில் இயங்குதளத்தை மாற்ற வேண்டுமானால், ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகி, அருகே அமர்ந்து, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டிருப்பது இரண்டு நாள் வேலை. அதனையே ஒரு சர்வரிலிருந்து வலையமைப்பு வழியாக அனுப்பினால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சர்வரின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளே, நேற்றுவரை ஒழுங்காக நடந்த வேலை நின்றுவிடுவதும் உண்டு. கணிப்பொறிக் கூடங்களில் பொறுப்பேற்றிருக்கும் நம் மன்றத்து நண்பர் சிலர் இதுபற்றி வினவியதால் இக்கட்டுரையை எழுதலானேன்.

இப்பொருள் நமக்கு அந்நியமன்று. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் பெயரில் தோன்றி, 2017இல் கைட் என்னும் நிறுவனமாக மாறிய அமைப்பின் தலைமையகம் நம் திருவனந்தபுரத்துப் பூஜப்புரையில்தான் இருக்கிறது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தைக் கேரளப் பள்ளிகளுக்கு வழங்குவது அதுவே. இங்கே பள்ளியில் பயின்ற நண்பர்கள் முதன்முதல் தொட்ட கணிப்பொறியும் பெரும்பாலும் அதில்தான் இயங்கியிருக்கும்.

பழுதை அறியுமுன் பழுதில்லாதபோது நடப்பதை அறிதல் வேண்டும். வட்டில் ஒன்றுமில்லாத கணிப்பொறி விழித்தெழுந்ததும் வலையட்டையின் வழியாகக் கூவுகிறது: ‘எனக்கொரு முகவரி தருவார் உண்டா?’ இதனைக் கேட்டு விடையளிப்பது டி.எச்.சி.பி. என்னும் சேவை, சர்வரில் அதன் வாயில் எண் 67. அது முகவரியோடு, ‘இன்ன சர்வரிடம் சென்று இன்ன கோப்பைக் கேள்’ என்றும் சொல்லி அனுப்புகிறது. கணிப்பொறி உடனே 69ஆம் வாயிலுக்குச் சென்று, டி.எப்.டி.பி. என்னும் சேவையிடம் அந்தச் சிறு கோப்பைப் பெறுகிறது. அச்சிறு கோப்பு கெர்னலையும் நிறுவியையும் அழைத்து வருகிறது. நிறுவியோ, நாம் முன்கூட்டியே எழுதி வைத்த விடைக்கோப்பைத் தேடிப் படிக்கிறது. இவ்வேற்பாட்டிற்குப் பி.எக்ஸ்.இ. என்று பெயர். இன்டெல் நிறுவனம் 1999இல் இதன் 2.1ஆம் பதிப்பை வெளியிட்டது.

டி.எப்.டி.பி. இதனினும் மூத்தது. 1981இல் வரையப்பெற்று, 1992இல் திருத்தப்பட்டது. 512 பைட் கொடுத்துவிட்டு, ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை கைகட்டி நிற்பது அதன் இயல்பு. போய்வர ஆயிரத்தில் ஒரு நொடி ஆகுமெனக் கொண்டால், 400 எம்.பி. கோப்பு வந்து சேர 13 நிமிடத்துக்கு மேலாகும். பிற்காலத்தார் துண்டுகளைப் பெரிதாக்கியும், ஒரே மூச்சில் பல துண்டுகளை அனுப்பியும் இக்குறையைப் போக்கினர். அப்படிப் போக்கிய இடத்திலேயே ஒரு பழுதும் புகுந்தது. 2019 மார்ச்சில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட புதுப்பிப்பை நிறுவிய விண்டோஸ் சர்வர்களில், ஒரே மூச்சில் எத்தனை துண்டு என்பதை நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இயக்கப்பட்டிருந்தால், கோப்பு இறங்கும்போதே இணைப்பு அறுந்து போகலாயிற்று. அவ்வசதியை நிறுத்திவைப்பதே தற்காலிக மருந்தாக இருந்தது. முகவரி வந்தது, கோப்பும் வரத் தொடங்கியது, பாதியில் நின்றது என்பதைக் கவனித்தவர் டி.எச்.சி.பி.யைக் குடைந்து காலத்தை வீணாக்கியிருக்கமாட்டார்.

ஆகவே, ‘என்ன பழுது?’ என்று கேட்பதைவிட, ‘உரையாடல் எந்தச் சொல்லோடு நின்றது?’ என்று கேட்பதே நல்லது. திரையே பாதி விடையைச் சொல்லும். ஈ-51 என்று காட்டினால் முகவரி தருவார் இல்லை. ஈ-53 என்றால் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. ஈ-32 என்றால் கோப்பைக் கேட்டும் பதில் வராமல் நேரம் கடந்தது. மீதி விடைக்கு, சர்வரில் டி.சி.பி.டம்ப் என்னும் கருவியை ஒரு நிமிடம் ஓடவிட்டு, 67, 68, 69 ஆகிய வாயில்களில் வருவது போவதைப் பார்க்கலாம். சர்வருக்கும் கூடத்துக்கும் இடையே தடுப்பரண் இருப்பின் ஒன்றை மறவாதீர்: டி.எப்.டி.பி. வேண்டுகோளை மட்டுமே 69இல் பெறும். கோப்பை வேறொரு வாயிலிலிருந்து அனுப்பும். 69ஐ மட்டும் திறந்துவைத்து ‘வழிவிட்டாயிற்றே!’ என்று வியப்பவர் பலர்.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கூடத்தின் பெயர் வேண்டா. திங்கட்கிழமை காலை செய்முறைத் தேர்வு. வெள்ளிக்கிழமை மாலை சர்வரை உபுண்டு 18.04இலிருந்து 20.04 வழியாக 22.04க்கு ஏற்றினேன். நாற்பதில் ஒன்றுகூட எழவில்லை, எங்கும் ஈ-51. டி.எச்.சி.பி. சேவை தொடங்கவே இல்லை. புதிய பதிப்பில் வலையட்டையின் பெயர் மாறியிருக்க, அமைப்புக் கோப்போ பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லை மாற்றியதும் சரியாயிற்று.

பழைய கணிப்பொறிகள் 26 எழுந்தன. அம்மாதம் வந்த புதியவை 14 மட்டும் பாதுகாப்பு மீறல் என்று சொல்லி நின்றன. புதுப்பித்தலின்மேல் பழியைப் போட்டேன்; அது தவறு. அவை யு.ஈ.எப்.ஐ. வகையின, கையொப்பம் பார்த்தே எந்தக் கோப்பையும் ஏற்பவை. 2020இல் கிரப் என்னும் தொடக்க நிரலில் பெருங்குறை வெளிப்பட்டபின் பழைய தொடக்கக் கோப்புகள் பல விலக்குப் பட்டியலில் ஏறின. டி.எப்.டி.பி. அடைவில் நான் 2018இல் கையால் படியெடுத்து வைத்தவை அப்படியே கிடந்தன. சர்வரைப் புதுப்பிப்பதால் நாம் தனியே படியெடுத்தவை புதுப்பிக்கப்படுவதில்லை. கையொப்பச் சோதனையையே அணைத்துவிடலாம் என்று கை நீண்டது. உடனிருந்த நண்பர் தடுத்தார். புதிய கோப்புகளைப் படியெடுத்ததும் 14ம் எழுந்தன.

எழுந்தவை அனைத்தும், ‘எந்த மொழி வேண்டும்?’ என்று கேட்டு நின்றன. (தமிழ், மலையாளம் இரண்டும் பேசும் கூடத்தில் பொருத்தமான கேள்விதான்!) கேள்வி வந்ததென்றால் விடைக்கோப்பு படிக்கப்படவில்லை என்று பொருள். 18.04இன் நிறுவி படித்த விடைக்கோப்பின் இலக்கணம் வேறு, 22.04இன் நிறுவிக்கு அது புரியாது. புதிய முறையில் எழுதினேன். அதனுடன் மெட்டா டேட்டா என்னும் கோப்பும், வெறுமையாகவேனும், இருத்தல் வேண்டும். பழைய 26ம் கேள்வியின்றி ஓடின. புதிய 14 மீண்டும் மொழியைக் கேட்டன! ஒரே விடைக்கோப்பு, இருவேறு நடத்தை. கெர்னலுக்குச் சொல்லும் வரியில் ஓர் அரைப்புள்ளி உண்டு. கிரப் அதனைக் கட்டளையின் முடிவாகக் கொண்டு, விடைக்கோப்பின் முகவரியை வெட்டி எறிந்துவிடுகிறது. பழையவை பயன்படுத்தும் பி.எக்ஸ்.லினக்ஸ் அப்படிச் செய்வதில்லை. அப்பகுதியை மேற்கோள் குறிக்குள் இட்டேன். சனிக்கிழமை முழுவதும் இந்த ஒரு புள்ளிக்கே போயிற்று.

அடைவையும் அமைப்புக் கோப்புகளையும் முன்னரே படியெடுத்து, வகைக்கு ஒரு கணிப்பொறியை எழுப்பிப் பார்த்திருந்தால் வெள்ளியன்றே பாதி தெரிந்திருக்கும். பழைய டி.எச்.சி.பி. மென்பொருளுக்கு அதனை ஆக்கியோரின் ஆதரவு 2022இல் முடிந்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்த கியாவின் அமைப்புக் கோப்பு முற்றிலும் வேறு வடிவினது. மாறப்போகும் நண்பர்கள் அதற்கெனத் தனியே ஒரு நாளை ஒதுக்குக.

ஞாயிறு மாலைக்குள் 38 முடிந்தன. எஞ்சிய இரண்டில் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. வலைவழியே வரும் புதிய நிறுவி 1 ஜி.பி.க்கு மேற்பட்ட தன் வட்டுப் படிவம் முழுவதையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்வதால் அவை மூச்சுத் திணறின. அவ்விரண்டுக்கும் பென் டிரைவையே செருகினேன். இரவு ஒன்பதரை மணிக்குக் கூடத்தைப் பூட்டினோம்.