குன்வர் சிங்கின் நட்பு

ஜிம் கார்பெட் 1875ஆம் ஆண்டு நைனிதாலில் பிறந்தவர். அவ்வூர் அஞ்சலகத் தலைவராயிருந்த அவர்தம் தந்தை 1881இல் காலமானார். குளிர்காலங்களில் அக்குடும்பம் காலாடுங்கிக் காட்டோரம் தங்கும். கேட்டிருந்த பேய்க்கதைகளால், காட்டின் ஒவ்வோர் ஒலியும் தந்தையற்ற அச்சிறுவனை நடுங்கச் செய்தது.

அவனுக்கு வாய்த்த தோழரோ சாந்தினி சௌக் என்னும் சிற்றூரின் தலைவர் குன்வர் சிங். (தில்லி மாணவர்களே, அது உங்கள் கடைவீதி அன்று!) வயதில் மிக மூத்தவர், ஊரறிந்த கள்ள வேட்டைக்காரர். எட்டு வயதில் ஜிம்முக்கு ஒரு பழந்துப்பாக்கி கிடைத்தது; அதன் வலக்குழல் பிளந்திருந்தது. முதலில் வாழ்த்தியவர் குன்வர் சிங்கே. காட்டில் அஞ்சாமல் திரியலாம், ஆனால் மரம் ஏறக் கற்றுக்கொள் என்றார். மரம் ஏறத் தெரியாத தம் நண்பர் புலியிடம் சிக்கிக் குற்றுயிரானதை அவர் நேரில் கண்டிருந்தார். நம் வகுப்பில் எத்தனை பேருக்கு மரம் ஏறத் தெரியும்?

அவருடன் நடந்து நடந்து, எவ்வொலி எவ்விலங்கினது எனச் சிறுவன் அறிந்தான். பெயர் தெரிந்தபின் அவ்வொலிகள் அவனை அச்சுறுத்தவில்லை.

ஆண்டுகள் பல கழிந்தன. அபினிப் பழக்கம் குன்வர் சிங்கைச் சாவின் விளிம்பில் நிறுத்தியது. செய்தியறிந்து விரைந்த கார்பெட், இனி அபினியைத் தொடுவதில்லை என்று அவரிடம் உறுதிமொழி பெற்றார். மூத்த தோழர் பிழைத்தெழுந்தார். கொடுத்த வாக்கையும் காத்தார்.

அருஞ்சொற்பொருள்: குற்றுயிர் – உயிர் போகும் நிலை.

செயல்: கள்ள வேட்டைக்காரர் ஒருவருடன் நீங்கள் பழக உங்கள் வீட்டில் இசைவார்களா? பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் கூறும் விடையைத் தமிழில் எழுதி வருக.