டேன் எக்ஸில் முளைத்த கோடு

திங்கட்கிழமை காலை கணக்கு டீச்சர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, பிளஸ் ஒன் பசங்க நாலு பேரு டேன் எக்ஸுக்கு 90 டிகிரியில மேலேருந்து கீழ வரைக்கும் கோடு இழுத்திருக்காங்க. எங்கடா பாத்தீங்கன்னு கேட்டா, நீங்க செஞ்ச வரைபடத்தத்தான் காட்டுறாங்க." திறந்து பார்த்தேன். கோடு இருந்தது. போட்டது நான் எழுதிய வரைபட நிரல்தான்.

கணினிக்கு வளைகோடு என்று ஒன்று தெரியாது. எக்ஸின் சில நூறு மதிப்புகளுக்கு விடை கண்டு, புள்ளிகளை வரிசையாகச் சேர்க்கும், அவ்வளவுதான். 90 டிகிரிக்குச் சற்று முன்னால் டேனின் மதிப்பு ஆகாயத்தில், சற்றுப் பின்னால் பாதாளத்தில். இரண்டையும் சேர்த்தால் செங்குத்தாக ஒரு கோடு வரத்தானே செய்யும்!

முதலில் அவசர வைத்தியம் பார்த்தேன்: அடுத்தடுத்த இரு புள்ளிகள் திரை உயரத்தில் பாதிக்கு மேல் விலகியிருந்தால் கோட்டை அறுத்துவிடு. டேன் சரியானது. மறுநாள் 50 எக்ஸ் கியூப் கிழிந்து தொங்கியது. செங்குத்தாக ஏறுகிற எல்லாக் கோடும் அறுந்த கோடு இல்லையே. சரியான வழி இது: அந்த இரு புள்ளிகளுக்கு நடுவில் பாதியாகப் பிரித்து, தாவல் எந்தப் பாதியில் பெரிதோ அதை எடுத்து மறுபடி பிரிக்க வேண்டும். தொடர்ச்சியான சார்பு என்றால் தாவல் சுருங்கிக்கொண்டே வரும். படிக்கட்டுச் சார்பில் அப்படியே நிற்கும். டேனிலோ பிரிக்கப் பிரிக்க வளரும். பத்து முறை பிரித்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்கும் மேல் உறுதி வேண்டுவோருக்கு, ஜெஃப் டப்பர் 2001 சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் முன்வைத்த இடைவெளிக் கணித முறை இருக்கிறது. புள்ளிகளை நம்பாமல், பிக்சலின் முழுப் பரப்பையும் எடுத்துக்கொண்டு, விடை எங்கே இருக்கவே முடியாது என்று அது காட்டும். என் பொறுமைக்கு அது எட்டவில்லை.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. அச்சில் எண் எழுத 0.1-ஐக் கூட்டிக்கொண்டே போனால் மூன்றாவது இடத்தில் 0.30000000000000004 என்று பல்லிளிக்கும். முழு எண்ணால் எண்ணி, கடைசியில் 10-ஆல் வகுங்கள். மைனஸ் 8-இன் கனமூலத்தை 1/3 அடுக்காகக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அது எண்ணே இல்லை என்று கைவிரிக்கும். படத்தின் இடது பாதியே காணாமல் போகும். கனமூலத்துக்கென்று அதிலேயே தனிச் சார்பு இருக்கிறது.

வரைபடத்தோடு வரும் சூத்திரத்தின் கணிதக் குறியீடுகளைக் காட்டும் வேலையை மட்டும் சொந்தமாக எழுதப் போகாதீர்கள். தன் புத்தகத்தின் அச்சுப்படி பிடிக்காமல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்க உட்கார்ந்த டொனால்ட் கனூத்தே ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. 2010-இல் வந்த மேத்ஜாக்ஸ், கான் அகாடமி 2014-இல் வெளியிட்ட கேடெக், உலாவியில் சூத்திரம் காட்டும் இந்த இரண்டும் அவர் வகுத்த இலக்கணத்தில் நிற்பவை, இரண்டும் திறமூலம். இது தெரிந்தும் வீம்புக்கு நானே எழுதினேன். வகுத்தலும் வர்க்கமூலமும் ஓரளவு வந்தன. சமன்பாட்டுக்குள் 'கோணம்' என்று தமிழில் எழுதியதும் மானம் போயிற்று. சொல்லை யூனிகோட் குறியெண் குறியெண்ணாகப் பிரித்துத் தனித்தனிப் பெட்டியில் போட்டிருந்தேன். 'க' ஒரு பெட்டியில். கொம்பும் காலும் நடுவே ஒரு புள்ளி வட்டத்தோடு அடுத்த பெட்டியில். சொல்லை முழுசாக ஒரே பெட்டியில் வைத்து, அகலத்தை உலாவியையே அளக்கச் சொன்ன பிறகுதான் அடங்கியது. அதோடு என் குறியீட்டு நிரலை மூட்டை கட்டிவிட்டு கேடெக்குக்கு மாறினேன். கண்ணுக்குத் தெரியும் சூத்திரத்தோடு மேத்எம்எல் என்ற கணிதக் குறிமொழி வடிவத்தையும் அது மறைவாக வைக்கிறது. திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் மாணவருக்குச் சூத்திரம் போய்ச் சேர்வது அதனால்தான். வெறும் படமாகப் போட்டால் அவருக்குக் கேட்பது 'படம்' என்ற ஒரு சொல்.

இன்னொன்று: என் வரைபட நிரலுக்கு உரிமக் கோப்பு வைக்க மறந்து ஓராண்டு ஓட்டினேன். திறமூலம் என்று நான் சொல்லிக்கொண்டதோடு சரி, சட்டப்படி ஒருவரும் அதைத் தொட்டிருக்க முடியாது.

டேனைச் சரிசெய்து டீச்சருக்குச் சொன்னேன். பார்த்துவிட்டு, "கோடு போயிடுச்சு தம்பி. ஆனா தொலைத் தொடுகோடு வேணும்ல? புள்ளிக்கோடா, வேற நிறத்துல போட்டுக் குடுங்க" என்றார். பிரித்துப் பிரித்துப் போய் நின்ற இடந்தான் அதன் இடம். நாலு வரியில் முடிந்தது.